பதிப்புரிமை படைத்தவருக்கா, எழுதி வாங்கியவருக்கா?

பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர், பாடலாசிரியர், ஓவியர் ஆகியோருக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா, இல்லை பதிப்பகங்களும் ஆடியோ கம்பெனிகளும் பிழைப்பதற்கான ஏற்பாடுதானா? இதுதான் கேள்வி. இந்தியச் சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

சட்டம் உரிமையை முதலில் படைத்தவர் கையில்தான் கொடுக்கிறது. ஆனால் ஒரே கையெழுத்தில் அதை இன்னொருவருக்கு முழுவதுமாக எழுதிக்கொடுக்கவும் அதே சட்டம் வழிவிடுகிறது. முதல் புத்தகம், முதல் பாட்டு, முதல் படம் என்று வாய்ப்புக்காகக் காத்திருப்பவர் என்ன தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள்தான் பிறகு பேசும், சட்டம் பேசாது. "நீயே விரும்பினாலும் இதை எழுதிக்கொடுக்க முடியாது" என்று சட்டம் குறுக்கே நின்ற சில இடங்களில்தான் படைத்தவருக்கு ஏதாவது உறுதியாக மிஞ்சியிருக்கிறது. அந்த இடங்கள் எவை, மற்ற இடங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் கீழே.

முதலில் ஒரு சொல் குழப்பம். பாட்டு வழக்கு வந்தால் செய்திகளில் "காப்புரிமை" என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு உரியது. விண்ணப்பித்து, அதிகாரிகள் ஆராய்ந்து, 20 ஆண்டுகளுக்குத் தருவது. பதிப்புரிமை கேட்காமலே வருவது. கவிதையைத் தாளில் எழுதி முடித்த கணத்தில் அது உங்களுடையது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, வட்டத்துக்குள் "சி" போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கருவுக்கு உரிமை கிடையாது, அதை நீங்கள் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. மாநில வெறியைப் பற்றிய தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று வந்த நாடகாசிரியர் அந்த வழக்கில் தோற்றார். கரு ஒன்று, கதை சொன்ன விதம் வேறு என்றது நீதிமன்றம். "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று ஒவ்வொரு பெரிய படத்துக்கும் எழும் புகார்களில் பெரும்பாலானவை நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம். ஒருவரிக் கதையை வாய்மொழியாகச் சொன்னவருக்குக் கையில் எதுவும் இருக்காது. காட்சி காட்சியாக எழுதி, தேதியோடு வைத்திருப்பவருக்குத்தான் பேச இடம் உண்டு.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. விதிவிலக்குகள் அதற்குக் கீழேயே வரிசையாக வருகின்றன. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு முதலாளிக்குப் போகும். பத்திரிகை ஊழியர் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை பத்திரிகைக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் அல்லது உருவப்படம் ஆகியவை காசு கொடுத்தவருக்கு. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் இது மாறும். கல்யாணப் புகைப்படக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. தாங்கள் எடுத்த படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போடக்கூட உரிமை இல்லாமல் இருக்கலாம். முன்பணம் வாங்கும் ரசீதிலேயே "படங்களின் பதிப்புரிமை எடுத்தவருக்கு, குடும்பத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி" என்று ஒரு வரி சேர்த்தால் நிலைமை மாறிவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இங்கே பேசப்படுவது கேட்டு வாங்கிய ஓவியம். வீட்டில் தானாக வரைந்த ஓவியத்தை ஒருவர் விலைக்கு வாங்கினால் அவருக்குக் கிடைப்பது சட்டகத்தில் பொருத்திய அந்த ஓவியத் துணி மட்டும்தான். அதை நாட்காட்டியில் அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கும்.

திரைப்பாட்டுக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு விடை அங்கேதான் தெளிவாகக் கிடைக்கிறது.

ஒரு பாட்டுக்குள் மூன்று தனித்தனிப் படைப்புகள் இருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு, உரிமை பாடலாசிரியருக்கு. மெட்டு இசைப் படைப்பு, உரிமை இசையமைப்பாளருக்கு. பதிவான ஒலி மூன்றாவது, உரிமை அதைத் தயாரித்தவருக்கு. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்கு விற்பார். பாடகருக்குக் கிடைப்பது பதிப்புரிமை அல்ல, நிகழ்த்துநர் உரிமை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "பாட்டு யாருக்குச் சொந்தம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஒருபோதும் விடை கிடைக்காது. இசையமைப்பாளர்கள் தொடர்பான வழக்குச் செய்திகள் குழப்பமாக இருப்பதும் இதனால்தான். ஒரு தரப்பு மெட்டைப் பேசும், மறு தரப்பு ஒலிப்பதிவைப் பேசும், தலைப்பில் "பாட்டு" என்று மட்டும் வரும்.

1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. பாடலாசிரியர்களுக்காகவும் இசையமைப்பாளர்களுக்காகவும் ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் ஒருபுறம், கிழக்கிந்தியத் திரைப்பட அமைப்பு மறுபுறம். காசு கொடுத்துப் படத்துக்காக எழுதி வாங்கிய வரிக்கும் மெட்டுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பு வந்தது. அதாவது பாடலாசிரியர் எதையும் எழுதிக்கொடுக்கக்கூட வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே அது அவருடையது அல்ல. பாடகர்களுக்குச் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை என்ற குறையை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதே தீர்ப்பில் தனிக் குறிப்பாக எழுதி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

அடுத்த 35 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பின் நிழலிலேயே போயின. ஒரு பாட்டுக்கு ஒருமுறை சம்பளம், அவ்வளவுதான். அந்தப் பாட்டு வானொலியில் ஆயிரம் முறை ஒலித்தாலும், கேசட்டாகவும் குறுந்தகடாகவும் செல்போன் அழைப்பொலியாகவும் விற்றாலும், எழுதியவருக்கு வர வேண்டியது எதுவும் இல்லை. அதே காலத்தில் அதே பதிப்புரிமைச் சட்டம் முழு வலிமையோடு நடைமுறையில் இருந்தது. திருட்டுக் கேசட்டைப் பிடித்தது, வழக்குப் போட்டது, பணம் வசூலித்தது. சட்டம் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேறு ஒருவருக்காக வேலை செய்தது.

2012இல் திருத்தம் வந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காகத் தொடர்ந்து வாதாடினார். மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் முக்கியமானவை மூன்று. படத்தில் சேர்ந்த வரி, மெட்டு ஆகியவற்றில் படைத்தவரின் உரிமையை 17ஆம் பிரிவின் விதிவிலக்குகள் பாதிக்காது. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத புதிய ஊடகத்துக்கான உரிமை, அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர, கைமாறாது. மூன்றாவதுதான் உயிர்: திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர்த்து, பாட்டு வேறு எப்படிப் பயன்பட்டாலும் வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமையை வாங்கியவரோடு சரிபாதிப் பங்கு உண்டு. அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றலாம். படத்தில் இல்லாத தனிப் பாடல்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

பேரம் பேசும் வலிமை இல்லாதவருக்கு "உனக்குச் சுதந்திரம் இருக்கிறது, நல்ல ஒப்பந்தம் போட்டுக்கொள்" என்று சொல்வதில் பயன் இல்லை. "இந்தப் பங்கை நீயே விற்க முடியாது" என்று சொன்ன பிறகுதான் எதிர்த் தரப்பு கேட்பதையே நிறுத்தும். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் தர்க்கமும் இதுதான்.

அப்படியும் பணம் தானாக வந்துவிடவில்லை. எஃப்.எம். வானொலிகள் வரிக்கும் மெட்டுக்கும் தனியாக ராயல்டி தர வேண்டுமா என்ற வழக்கில், தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது 2023 ஏப்ரலில். திருத்தம் வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து. 2012க்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குப் புதிய விதிகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் இன்னும் சர்ச்சை நீடிக்கிறது.

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் செய்ய வேண்டியது இது. ஐ.பி.ஆர்.எஸ். 2017 நவம்பரில் இந்தத் திருத்தத்தின் கீழ் மறுபதிவு பெற்ற சங்கம். அதில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்: பாட்டின் தலைப்பு, முதல் அடி, படத்தின் பெயர், ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், ஒவ்வொருவரின் பங்கு, ஒலிப்பதிவு எண். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். ஆடியோ கம்பெனி ஒரு தலைப்பில் பதிந்திருக்கும், பாடலாசிரியர் வேறு தலைப்பில் பதிந்திருப்பார். ஆங்கில எழுத்தில் பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் மற்ற இடத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும். இரண்டும் ஒன்று சேராது, பணம் பிரிக்கப்படாமல் நிற்கும். எனவே ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசி வரை வைத்திருங்கள். உறுப்பினரானதும் கிடைக்கும் சர்வதேச அடையாள எண்ணை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். யூடியூபிலும் பாட்டுச் செயலிகளிலும் பாட்டு வந்த வாரமே பாடலாசிரியர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அப்போதே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். நாள் கடந்தால் அந்தத் தவறான விவரம் பத்து இடங்களுக்குப் பரவியிருக்கும்.

பாடகர்களுக்கு 38ஆம் பிரிவில் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்த பிறகு தயாரிப்பாளரைத் தடுக்க முடியாது, ஆனால் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கலாம். அதை வசூலிக்கத் தனிச் சங்கம் 2013இல் பதிவானது. மேடையில் பின்னணி வாசிக்கும் கலைஞர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் இன்னும் சரியாக வரவில்லை. அன்றைய கால்ஷீட் சம்பளத்தோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது.

பாரதியின் பாடல்களுக்கு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 1921இல் அவர் இறந்தபோது குடும்பத்திடம் பணம் இல்லை. நூல் உரிமை மனைவி செல்லம்மாளிடமிருந்து பாரதியின் தம்பி விசுவநாதனுக்குப் போனது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு நகை வணிகரிடம் போய், அங்கிருந்து படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. டி.கே. சண்முகம் சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமை மீறல் என்று நோட்டீஸ் போனது. மக்கள் கொதித்தார்கள், எழுத்தாளர்கள் இயக்கம் நடத்தினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்று, சில ஆண்டுகளில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. இசைத்தட்டு உரிமை வணிகரிடமிருந்து தயாரிப்பாளருக்குக் கை மாறியபோது விலை ஏறியது, அந்த ஏற்றம் கவிஞரின் வீட்டுக்கு வரவில்லை. அப்போது 2012இன் விதி இருந்திருந்தால், மெய்யப்பனிடம் உரிமை இருக்கும்போதே செல்லம்மாளுக்குப் பாதி வந்திருக்கும்.

அதன் பிறகு தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஒரு வழக்கமாகவே ஆனது. அரசு ஒரு தொகையை வாரிசுகளுக்குக் கொடுத்து, நூல்களைப் பொதுவாக்குகிறது. பிறகு எவரும் அச்சிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பல நூல்களை இலவசமாகப் படிக்கலாம். மறுபதிப்பே வராமல் கிடந்த எழுத்தாளர்களுக்கு இது மறுபிறவி. வாரிசுகளுக்கும் ஆண்டுதோறும் சொற்பமாக வரும் ராயல்டியைவிட ஒட்டுமொத்தத் தொகை மேலானதாக இருக்கலாம். ஆனால் இன்றும் நன்றாக விற்கும் எழுத்தாளரின் குடும்பம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காலம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே அந்தக் கணக்கின் முதல் எண். படைத்தவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். புதுமைப்பித்தன் இறந்தது 1948இல், ஆகவே 2008 முடிவோடு எப்படியும் காலாவதி. கண்ணதாசன் இறந்தது 1981இல், ஆகவே 2041 முடிவு வரை.

இந்த 60 முன்பு 50ஆக இருந்தது. தாகூர் 1941இல் இறந்தவர். 1991 முடிவில் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் உரிமை முடியும் நேரத்தில், 1992இல் பத்து ஆண்டுகள் கூட்டினார்கள். நூறு ஆண்டுக்கு முன் எழுதியவரை இன்னும் நன்றாக எழுதத் தூண்டுவதற்காக இதைச் செய்ததாக யாரும் வாதாட முடியாது. காலத்தை நீட்டுவதால் கிடைக்கும் பயன் அநேகமாக முழுவதும் ஏற்கெனவே பழைய படைப்புகளைக் குவித்து வைத்திருப்பவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்குத் தேவை இன்னொரு பத்து ஆண்டு அல்ல, இந்த ஆண்டின் விற்பனைக் கணக்கு.

உரிமை வைத்திருப்பவரின் நலனும் எழுதியவரின் நலனும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதற்காக ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. அந்தத் தொகுப்புகளில் இடம்பெற்ற நூல்களை எழுதிய பேராசிரியர்களே பலர், வழக்கைக் கைவிடுங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இனி புத்தக ஒப்பந்தம். தமிழில் ஒப்பந்தமே இல்லாமல் வரும் புத்தகங்கள் ஏராளம். எழுத்தாளர்கள் பயப்படுவது போல அது பெரிய ஆபத்து அல்ல. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் 19ஆம் பிரிவின்படி செல்லாது, உரிமை உங்களிடமே இருக்கும். உண்மையான ஆபத்து மோசமான ஒப்பந்தம். "இந்நூலின் எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற ஒற்றை வரிதான் அதன் அடையாளம்.

அந்த வரியை நான்காக உடைக்கச் சொல்லுங்கள். எந்த வடிவம்: அச்சு மட்டுமா, மின்னூலும் ஒலிநூலும் சேர்த்தா? எந்த மொழி: தமிழ் மட்டும் போதும், மொழிபெயர்ப்பு உரிமை உங்களிடமே இருக்கட்டும். எந்தப் பரப்பு? எத்தனை ஆண்டு? காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். எனவே ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் அது உங்களுக்கு நல்லதே. இன்னொன்று: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகத் திரும்பிவிடும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் திரும்பாது. அதனால்தான் பல அச்சடித்த ஒப்பந்தங்களில் "19ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு பொருந்தாது" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். திரைப்பட உரிமை ஒப்பந்தங்களில் அதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். கதையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது அங்கே சாதாரணம்.

ராயல்டி 10 சதவீதம் என்பார்கள். எதில் 10 சதவீதம் என்று கேளுங்கள். 250 ரூபாய் புத்தகம், அட்டை விலையில் 10 என்றால் பிரதிக்கு 25 ரூபாய். கடைக்கு 40 சதவீதக் கழிவு போக "வரவில்" 10 என்றால் 15 ரூபாய். 500 பிரதி விற்றால் முதல் கணக்கில் 12,500, இரண்டாவதில் 7,500. நூலக ஆணையில் அரசு வாங்கும் பிரதிகளுக்குத் தனியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் அது கணக்கில் வராமலே போகும். ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட மாதத்தில், அச்சிட்டது, விற்றது, கையிருப்பு மூன்றும் தரும் கணக்கு வேண்டும். விற்றதை மட்டும் கேட்டால் சரிபார்க்க வழியில்லை.

"அச்சில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும்" என்ற பழைய வரி இப்போது உதவாது. வேண்டும்போது அச்சிடும் முறை வந்த பிறகு எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதில்லை, ஒரு பிரதி கேட்டால் ஒரு பிரதி வரும். ஆகவே எண்ணாக எழுதுங்கள்: "தொடர்ந்து 12 மாதங்களில் 50 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால், எழுத்தாளர் கடிதம் கொடுத்த 60 நாளில் உரிமை திரும்பும்." செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க நூலைக் கொடுக்கும் உரிமை எழுத்தாளருக்கே என்றும் ஒரு வரி இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர்கள் கவனத்துக்கு: மூல ஆசிரியரின் அனுமதியோடு செய்த மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு, அதன் உரிமை உங்களுக்கு. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டாலும் உரிமையை முழுவதும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

ஓவியருக்கும் சிற்பிக்கும் சட்டம் தந்திருப்பது காகிதத்தில் அழகானது. 53ஏ பிரிவின்படி, அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அந்த விலையில் 10 சதவீதம் வரை ஓவியருக்குப் பங்கு உண்டு. நடைமுறையில் ஏலக் கூடங்களிலிருந்து இந்தப் பணம் வந்து சேரும் ஏற்பாடே உருவாகவில்லை. வசூலிக்க ஒரு சங்கம் இல்லாத உரிமை எப்படி ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். துணி, சேலை, டைல்ஸ் போன்றவற்றுக்கு வடிவம் வரைபவர்கள் 15ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடிவமைப்புச் சட்டத்தில் பதியக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதை இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் பொருள்களில் உருவாக்கிவிட்டால் பதிப்புரிமை போய்விடும். சந்தைக்கு விடுவதற்கு முன்பே பதிய வேண்டும்.

விற்றாலும் போகாத உரிமை ஒன்று 57ஆம் பிரிவில் இருக்கிறது: தன் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமை, தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனின் சுவரில் சிற்பி அமர் நாத் சேகல் அமைத்த பெரிய வெண்கலச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பல பகுதிகள் உடைந்தன. அவர் 1992இல் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்ச ரூபாய் இழப்பீடும் மிச்சமிருந்த பகுதிகளைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. நியாயம் கிடைத்தது, முழுச் சிற்பம் கிடைக்கவில்லை.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஆசிரியர் என்ற இடம் இல்லை. தலைமுறையாக வாய்மொழியில் வந்த ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் "ஆசிரியர்" என்று ஒருவர் இல்லை, எழுதிய தேதி இல்லை. அதை முதலில் பதிந்து, கொஞ்சம் மாற்றியமைத்தவர் பெயரில் புதிய உரிமை பிறக்கிறது. பாட்டைக் கற்றுக்கொடுத்த ஊர்க் கலைஞருக்குக் குறைந்தது பாடியதற்கான நிகழ்த்துநர் உரிமையாவது எழுத்தில் வேண்டும். பதிவுக்கு வருபவர் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கும் முன்பே அந்தத் தாளில் கையெழுத்து ஆக வேண்டும். நாட்டுப்புறக் கலையைத் தொகுப்பவர்கள் இதைத் தங்கள் கடமையாக எடுத்துக்கொண்டால் நிறைய மாறும்.

உங்கள் படைப்பை யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது? முதலில் ஆதாரம். திரைப்பிடிப்பில் இணைய முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். நீதிமன்றம் போனால் 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றிதழ் கேட்பார்கள், இந்த மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். கையெழுத்துப் பிரதியை உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைப்பதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. அதற்குப் பதில் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியுங்கள். இலக்கிய, இசை, கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே படிவம் 14ஐ நிரப்பலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்து, அதன் பிறகுதான் ஆராய்வார்கள். அந்தப் பதிவேடு முதல்நோக்குச் சாட்சியம் ஆகும், உரிமை இல்லை என்று நிறுவும் பாரம் எதிர்த் தரப்புக்குப் போகும்.

இணையத்தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதியின்படி 36 மணி நேரத்துக்குள் அந்த இணைப்பை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். பெரிய கம்பெனிக்கு 21 நாள் போதும், தனி எழுத்தாளருக்கு வக்கீல் பிடிக்கவே அது போய்விடும். யூடியூபின் சொந்தப் புகார்ப் படிவம் பலருக்கு வேகமான வழி. அங்கே தானாகக் கண்டுபிடிக்கும் கருவி பெரிய அளவில் உரிமை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தரப்படுகிறது என்பதால், தான் அமைத்த மெட்டைத் தானே வாசித்து ஏற்றும் இசையமைப்பாளருக்கே ஆடியோ கம்பெனி பெயரில் உரிமைக் கோரிக்கை வருவதும் உண்டு. சிவில் வழக்கை நீங்கள் வசிக்கும் ஊரில் உள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், எதிரி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். படைத்தவருக்காகச் சட்டம் தெரிந்தே செய்த நல்ல ஏற்பாடு இது. குற்றவியல் புகாரும் உண்டு, 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. காவல் துறை உடனே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏற்கெனவே மோசமான தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழி மூடிவிடவில்லை. முதலில் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் காலம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 5 ஆண்டோடு உரிமை திரும்பியிருக்கும், அதைச் சொல்லி ஒரு கடிதம் போதும். காலம் இருந்தால், எத்தனை பிரதி கடைசியாக எந்த ஆண்டு அச்சாயிற்று, எவ்வளவு ராயல்டி பாக்கி என்று 30 நாள் கெடுவோடு பதிவுத் தபாலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், பதிப்பகம் நூலைக் கவனிக்காமல் போட்டிருக்கிறது என்றோ, நிபந்தனைகள் உங்களுக்கு மிகக் கடுமையாக இருக்கின்றன என்றோ காரணம் காட்டி 19ஏ பிரிவில் உரிமை மாற்றத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். கடுமையான நிபந்தனை என்ற காரணத்தைச் சொல்லி ரத்து கேட்டால், ஒப்பந்த நாளிலிருந்து 5 ஆண்டு முடிந்த பிறகுதான் உத்தரவு வரும். இந்த மனுக்களை முன்பு ஒரு வாரியம் விசாரித்தது. 2021 முதல் வணிக நீதிமன்றம் விசாரிக்கிறது. நடைமுறையில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்கே பல பதிப்பாளர்கள் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். விற்காத நூலுக்காக வழக்கு நடத்த அவர்களும் விரும்புவதில்லை. திருப்பித் தரும்போது அதையும் எழுத்தில், கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைப்படத்தின் உரிமை ஓவியரிடமோ பதிப்பகத்திடமோ இருக்கலாம், அச்சுக்கோப்பு பதிப்பகத்தினுடையது என்பதால், அடுத்த பதிப்புக்கு அவற்றைப் பயன்படுத்தலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.